கோடிட்ட இடமும் பொருள்தெரி நிலையும்

தமிழ்ப்பள்ளி மாணவர்க்கென வெளிவரும் பயிற்சி நூல்களுள் எதனை எடுத்துப் புரட்டினும், “கோடிட்ட இடத்திற்கு ஏற்ற சொல்லைத் தெரிவு செய்க” என்னும் கட்டளை பக்கத்துக்குப் பக்கம் எதிர்ப்படும். ஒரு வாக்கியம், அதன் நடுவே ஒரு கோடு, கீழே நான்கு சொற்கள். ஈப்போ நகரத்துப் பள்ளியாயினும், செம்பனைக்கு இடங்கொடுத்துவிட்ட பழைய பால்மரத் தோட்டத்துப் பள்ளியாயினும், பேராக் மாநிலத்துத் தமிழ்ப்பிள்ளை தன் ஆறாண்டுப் படிப்பில் இத்தகைய கோடுகளை நூற்றுக்கணக்கில் நிரப்பிவிட்டே வெளியேறுகிறது. நிரப்பியது தவறாயின், பிள்ளைக்குச் சொல்வளம் போதாது என்று தீர்ப்புக் கூறப்படும். விடையைக் கண்டறிவதற்கான வழி அந்த வாக்கியத்துள் வைக்கப்பட்டிருந்ததா என்னும் கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை.

இவ்வகை வினாவின் வரலாறே அக்கேள்வியை எழுப்பத் தூண்டுவது. செருமானிய உளவியலறிஞர் எர்மன் எபிங்காசு, சொற்களும் சொற்பகுதிகளும் விடுபட்ட உரைப்பகுதிகளைப் பிரெசுலாவு நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்து நிரப்பச் செய்து, அதன் முடிவுகளை 1897இல் வெளியிட்டார். பாடங்களை இடைவிடாது நெடுநேரம் நடத்துவதால் பிள்ளைகள் களைப்புறுகின்றனரா என்று அறிய விரும்பிய நகரத்தார்க்காக நடந்த ஆய்வு அது. பின்னர் 1953இல் அமெரிக்கரான வில்சன் டெய்லர் என்பார், ஓர் உரைப்பகுதியில் ஐந்து சொல்லுக்கு ஒன்று என்பதுபோல ஒழுங்காக எடுத்துவிட்டுப் படிப்போரை நிரப்பச் சொல்லும் முறையை வகுத்தார். அவர் அளக்க விரும்பியது படிப்போர் திறனையன்று, உரைப்பகுதியின் தெளிவை. எதன் இடைவெளிகளைப் பலர் சரியாக நிரப்புகின்றனரோ அதுவே தெளிவாக எழுதப்பட்டது என்பது அவர் கொள்கை. மாணவரை அளக்கும் கோலாக அது மாறியது பின்னாளில். எழுதியவனை அளக்க வந்த கோல் படிப்பவன் பக்கம் திரும்பியபோது, எழுதியவன் பொறுப்பு மெல்ல நழுவிப் போயிற்று.

தமிழுக்கு அப்பொறுப்புப் புதியதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம், பலபொருள் ஒருசொல்லை இரு கூறாகப் பகுத்துக் காட்டுகிறது. முதற் கூறு, உடன்வரும் துணைகளால் பொருள் தெளிவுறுவது. அத்துணைகள் மூன்று: வினை, இனம், சார்பு. உரையாசிரியர் இதனை ‘மா’ என்னும் சொல்லால் விளக்குவர். பூத்தலைக் கூறினால் அஃது மரம். வினை அதனைக் காட்டிற்று. மருதமரத்தோடு சேர்த்துக் கூறினும் மரமே; அது இனத்தால் தெளிந்தது. போர்க்கோலம் பூண்டு நிற்பவன் ஏவலனை நோக்கி மாவைக் கொண்டுவரச் சொன்னால் குதிரை, வாக்கியத்துக்கு வெளியே நிற்கும் நிலைமை அங்கே பொருளைத் தருகிறது, அது சார்பு. இரண்டாம் கூறு, வினையாலும் வேறுபடாதது. மா விழுந்தது என்றால் மரமும் விழும்; விலங்கும் விழும். அவ்விடத்துக் கேட்போன் எவ்வளவு கூரியனாயினும் பயனில்லை. ஒன்றைக் குறித்துச் சொல்லுவோன் அதனைத் தெரிய மொழிதல் வேண்டும் என்று ஆசிரியர் சொல்லுவோன்மேலேயே கடமையை ஏற்றுகிறார்.

இன்றைய கல்வியியலார் சூழற்குறிப்பு என்று கூறுவன எல்லாம் ஏறக்குறைய இம்மூன்றனுள் அடங்கும். விளக்கச் சொல்லால் அறிதல், எதிர்ச்சொல்லால் அறிதல், எடுத்துக்காட்டால் அறிதல் எனப் பட்டியலை நீட்டுவாரும் உளர், நீட்டுவதால் தீங்கில்லை. ஆயினும், குறிப்பு இல்லாதவிடத்துப் பிழை யாரைச் சாரும் என்பதையும் உடன்சொன்ன சிறப்புத் தொல்காப்பியர்க்கு உரியது. வினாத்தாள் அமைப்போர் படிக்கவேண்டிய நூற்பாக்கள் அவை.

‘மா’ என்றவுடன் இன்றைய பிள்ளைக்கு அரிசிமாவே நினைவுக்கு வருமாதலின், பேராக் மண்ணுக்கு உரிய வேறொரு சொல்லை எடுத்துக் காட்டலாம். அது ‘பால்’. தோட்டப்புறத்தில் பால் என்பது பசுவின் பாலுமாகும், கித்தா மரத்தின் பாலுமாகும். பள்ளிக்குள் நுழைந்தால் அறத்துப்பாலும் பொருட்பாலும் ஆண்பாலும் பெண்பாலும் வந்து சேர்ந்துகொள்ளும். கறந்தாள் எனின் பசுவின் பால் என்பதில் ஐயமில்லை. மங்கிலிருந்த பாலை வாளியில் ஊற்றினாள் எனின் மரத்துப் பால். மரத்தில் கட்டித் தொங்கவிடும் மங்கு அதன் இனத்தைக் காட்டிவிடுகிறது. பால் நிறுக்கும் இடத்தில் தண்டல் குறிப்பேட்டோடு நிற்க, ஒருத்தி ‘இன்றைக்குப் பால் குறைவு’ என்றால், அங்கே சார்பு பேசுகிறது. ‘பால் உறைந்துவிட்டது’ என்று மட்டும் சொன்னால் என்னாகும்? உறையூற்றிய பால் தயிராக உறையும். மங்கில் தங்கிய பால் கட்டிப்பாலாக உறையும். ‘மா விழுந்தது’ போன்றதே இதுவும். இவ்வாக்கியத்தில் ஒரு கோட்டை வரைந்து பிள்ளையைச் சோதித்தல் தகாது.

‘நிரை’ என்னும் சொல்லும் இத்தகையதே. வெட்சித்திணையில் நிரை என்பது ஆநிரை. தோட்டத்தில் நிரை என்பது ஒருவர்க்கு ஒதுக்கப்பட்ட மரவரிசை. இரண்டுக்கும் அடியில் கிடப்பது வரிசை என்னும் ஒரே கருத்து. பிரட்டுக்களத்தில் தண்டல் நிரை பிரித்துக் கொடுத்ததைக் கண்டு வளர்ந்த தலைமுறைக்குச் சங்கச் சொல் ஒன்று நாவிலேயே இருந்தது. பாடநூல் அதனை அறியவில்லை.

இனி, செம்மையான வினா எங்ஙனம் இயங்கும் என்பதைக் காண்க. “பாட்டி மூங்கிலைக் கீறி, காய்கறி இட்டுவைக்க ஒரு ______ முடைந்தாள்.” விடைகளாகக் கூடை, பாய், பானை, ஆடை என்னும் நான்கும் தரப்பட்டுள்ளன எனக் கொள்க. முடைதல் என்னும் வினையை அறிந்த பிள்ளை, பானை வனையப்படுவது, ஆடை நெய்யப்படுவது என்று இரண்டையும் உடனே விலக்கிவிடும். எஞ்சியவை கூடையும் பாயும், இரண்டும் முடையப்படுவனவே. மூங்கிலைக் கீறி என்பது கூடையின் பக்கம் சாய்விக்கிறது. ஆயினும் மூங்கிற்பாயும் உலகத்தில் உண்டு என்று கூர்மையான பிள்ளை ஒன்று தடை எழுப்பக்கூடும்; எழுப்பவும் வேண்டும். காய்கறி இட்டுவைக்க என்னும் பயன் கூறும் பகுதி அத்தடையை நீக்கிவிடுகிறது. ஒரு குறிப்பு ஐயத்தைப் பாதியாக்க, மற்றொரு குறிப்பு சாய்விக்க, மூன்றாவது முடிவு செய்கிறது. மூன்றையும் ஒருசேர வைத்து நோக்கும் பயிற்சியே படிப்பு எனப்படும். முடைதல் என்னும் சொல்லை முன்பின் அறியாத பிள்ளைகூட, விடையைக் கண்டபின் அச்சொல்லின் பொருளைத் தானே ஊகித்துக்கொள்ளும். அவ்வினா சோதிப்பதோடு கற்பிக்கவும் செய்கிறது.

தமிழில் வினைச்சொற்கள் இத்துணைக் குறிப்பாக அமைந்திருப்பது வினா அமைப்போர்க்குக் கிடைத்த பெருஞ்செல்வம். பூவைக் கொய்வர், கீரையைக் கிள்ளுவர், நெல்லை அறுப்பர், வாழையிலையை அரிவர். ‘பறித்தான்’, ‘செய்தான்’, ‘போட்டான்’ என்று பொது வினைகளையே எழுதிப் பழகியவர் கையில் இச்செல்வம் பயன்படாது கிடக்கிறது.

இதற்கு மாறான வினாக்களே மிகுதி. “கந்தன் கடையில் ______ வாங்கினான்” என்று எழுதி, பழம், சட்டை, பந்து, பேனா என்று நான்கும் கொடுப்பது வெளிப்படையான குறை; அதனை எவரும் கண்டுகொள்வர். மறைந்து நிற்கும் குறையே கொடிது. “அமுதா மிகவும் ______ மாணவி” என்பது ஒன்று. அதற்கு விடைகள் அறிவுள்ள, அன்பான, அமைதியான, அழகிய என்பன. விடைத்தாள் ‘அறிவுள்ள’ என்று கூறும். மாணவி எனின் அறிவைச் சொல்வதே வழக்கம் என்பது காரணமாகலாம். வாக்கியத்தில் அதற்கு வினையும் இல்லை, இனமும் இல்லை, சார்பும் இல்லை. நான்கையும் வைத்துப் பார்த்து நான்கும் பொருந்துவதைக் கண்ட பிள்ளை திகைக்கிறது. பாடத்தில் அவ்வடையைப் படித்து மனனம் செய்த பிள்ளை தயங்காமல் எழுதிவிடுகிறது. சிந்தித்தவன் மதிப்பெண்ணை இழக்க, சிந்தியாதவன் பெறுகிறான். இப்படிப் பத்து முறை நேர்ந்தால், தமிழ்ப்பாடத்தில் சிந்தித்தல் ஆகாது என்னும் முடிவுக்குப் பிள்ளை வந்துவிடும். ஒன்றிரண்டு மதிப்பெண் குறைவதிலும் இதுவே பேரிழப்பு.

தமிழுக்கே உரிய மற்றொரு கோளாறும் உண்டு. அது ஒற்றினால் விளைவது. “தாத்தா தென்னங்கீற்றைக் ______ கூரை வேய்ந்தார்” என்று எழுதி, கொண்டு, பின்னி, மடித்து, நனைத்து என்று நான்கு சொற்களைக் கொடுத்தால், கீற்றை என்பதன் பின் நிற்கும் ககர ஒற்றே விடையைக் காட்டிக் கொடுத்துவிடும். ககரத்தில் தொடங்குவது ஒன்றுதானே உளது! பொருளை அறியாத பிள்ளையும் கொண்டு என்று எழுதும். சரி, ஒற்றை நீக்கிவிட்டால் என்னவெனின், நிரப்பிய பின் வாக்கியம் சந்திப்பிழையோடு நிற்கும். பிழையான வாக்கியத்தைப் பிள்ளையின் கண்முன் நிறுத்தியதாகும். பொருளறிவைச் சோதிப்பதாயின் நான்கு விடைகளையும் ஓரெழுத்தில் தொடங்கும் சொற்களாகத் தேடுவதே முறை. தேடுவது கடினந்தான். வல்லினம் மிகும் இடத்தைச் சோதிப்பதாயின் அதற்கெனத் தனி வினா அமைக்கலாம். இரண்டையும் ஒரே கோட்டில் கலந்தால், பிள்ளை பெற்ற மதிப்பெண் எதற்கு உரியது என்று கூற இயலாது. ‘ஓடின’, ‘ஓடினர்’ என்னும் வினைமுற்றுகளின் ஈறு எழுவாயைக் காட்டிக்கொடுப்பதும் இவ்வாறே.

மரபுத்தொடர், இணைமொழி, இரட்டைக்கிளவி ஆகியவற்றுக்குச் செல்லுமிடத்து நிலைமை இன்னும் சிக்கலாகிறது. மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் 2011 முதல் ஆண்டுதோறும் படிப்படியாக நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் செய்யுளும் மொழியணியும் என்னும் பகுதியில் இவற்றை ஆண்டுவாரியாக வகுத்துக் கொடுத்தது, நல்ல ஏற்பாடு. ஆனால் பயிற்சியில் நடப்பது யாது? திருடன் என்றால் ‘கம்பி நீட்டுதல்’, சிக்கனம் என்றால் ‘வாயைக் கட்டுதல்’ என்று ஒரு சொல்லுக்கு ஒரு தொடர் எனக் கயிறு கட்டிக் கொடுத்துவிடுகின்றனர். அக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளையின்முன் இவ்வாக்கியத்தை வைத்தால் போதும்: “திருட்டில் அகப்பட்ட மகனைக் கண்டு, ‘நம் குடும்பத்தின் முகத்தில் ______ விட்டாயே’ என்று தாய் அழுதாள்.” திருட்டு என்னும் சொல்லைக் கண்டதும் பிள்ளை கம்பி நீட்டி என்று எழுதும். முகத்தில் என்பதும், தாய் அழுததும், அகப்பட்டவன் ஓடிப்போனவன் ஆகான் என்பதும் அதன் கண்ணிற் படா. கரி பூசுதல் என்னும் தொடரையும் அப்பிள்ளை மனனம் செய்துதான் இருக்கும், அறிந்தும் பயன்படவில்லை. ஒரு சொல்லைக் கண்டு பாய்வது குறிப்பறிதல் ஆகாது. வள்ளுவர் குறிப்பறிதல் என்னும் தலைப்பை இருமுறை வைத்தார். பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று. எந்தப் பாலில் நிற்கிறோம் என்று பாராமல் அத்தலைப்புக்கே பொருள் கூற முடியாது.

யாவற்றினும் ஆழமான இடர் சார்பைப் பற்றியது. “விடியற்காலையில் அம்மா ______ எடுத்துக்கொண்டு மரம் வெட்டப் புறப்பட்டாள்” என்னும் வாக்கியத்துக்குக் கோடரி, உளி, மண்வெட்டி, அரிவாள் என்று விடைகள் தரப்பட்டால், நகரத்து ஆசிரியர் கோடரி என்பார். பால்மரத் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை உளி என்று எழுதும். அங்கே மரம் வெட்டுதல் என்பது மரத்தைச் சாய்த்தலன்று. பட்டையை மெல்லச் சீவிப் பால் வடியச் செய்தல். விடியற்காலை என்னும் குறிப்பும் அதற்கே துணை நிற்கிறது. வெயில் ஏறுமுன் வெட்டினாற்றான் பால் நன்றாக வடியும். அம்மா என்பதும் துணை நிற்கிறது. வெட்டுக்குப் போனவருள் பெண்டிர் மிகப் பலர். வாக்கியத்திலுள்ள குறிப்புகளை எல்லாம் நேர்மையாகக் கூட்டிப் பார்த்து விடை கண்ட அப்பிள்ளைக்குத் தவறு என்று குறி இடுவது எவ்வாறு பொருந்தும்?

இஃது ஏதோ ஒரு சொல்லைப் பற்றிய வழக்கு என்று தள்ளிவிடல் ஆகாது. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தார் பள்ளி வைக்கவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு விதித்தது. அங்ஙனம் எழுந்த சிறு பள்ளிகளே இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் அடித்தளம். 1957இல் மலாயா விடுதலை பெற்றபோது தமிழ்ப்பள்ளிகள் ஏறத்தாழத் தொள்ளாயிரம் இருந்தன. இன்று ஐந்நூற்றுக்குச் சற்று மேல். அவற்றுள் மிகுதியானவை பேராக்கில் உள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புத் திட்டங்களாகியும் போயின. லயங்களில் வாழ்ந்தோர் புந்தோங் போன்ற நகர்ப்புறங்களுக்கும் புறநகர்க் குடியிருப்புகளுக்கும் பெயர்ந்தனர். ‘தோட்டப் பள்ளி’ என்று பெயர் தாங்கிய பள்ளி பல இடங்களில் தோட்டம் இல்லாமலே நிற்கிறது. ஆதலால் இன்றைய ஈப்போப் பிள்ளையிடம் மேற்கண்ட வாக்கியத்தைக் கொடுத்தால் அது கோடரி என்றே எழுதக்கூடும். அதன் பாட்டிதான் உளி என்பாள். சார்பு தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. பாட்டிக்குத் தமிழகத்து ஏரும் வரப்பும் பரம்பும் நிறைந்த வாக்கியங்கள் கொடுக்கப்பட்டன. அவள் கண்டதோ மலைச்சரிவில் நிற்கும் பால்மரங்கள். பேத்திக்கு மங்கும் உளியும் அயல். நகரத்து உயர்மாடிகளில் அவள் காண்பனவற்றைக் கொண்டு எழுதிய வாக்கியங்கள் இன்னும் போதிய அளவு வரவில்லை. பழையதை நீக்கவேண்டும் என்பதன்று. மங்கு என்று எழுதினால், அது இன்னது என்று தெரியும்படி மற்றொரு சொல்லையும் பக்கத்தில் வைக்கவேண்டும் என்பதே.

குறிப்பறிதலுக்கு எல்லை உண்டு என்பதையும் மறத்தலாகாது. ஒரு பகுதியிலுள்ள சொற்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தேனும் தெரிந்திருந்தாலன்றிப் படிப்போர் அதனைத் தக்கவாறு உணர இயலாது என்று 1989இல் பத்யா லாஃபர் கூறினார். துணையின்றிப் படித்து உணர்வதற்குத் தொண்ணூற்றெட்டு வேண்டும் என்பது 2000இல் கூ, நேசன் என்னும் இருவர் கண்ட முடிவு. ஆங்கிலத்தைக் கொண்டு நடந்த ஆய்வுகளாதலின் எண்களை அப்படியே தமிழுக்கு ஏற்றல் கூடாது. கருத்து மட்டும் பொருந்தும். தெரியாத சொல்லைத் தெரிந்த சொற்களே காட்டவேண்டும். சுற்றிலும் தெரியாதனவாயின் குறிப்பு எங்கிருந்து வரும்? நான்கில் இரண்டை நீக்கு, எஞ்சிய இரண்டில் ஒன்றைக் குறி என்று தனிவகுப்புகளில் கற்பிக்கப்படும் தந்திரம், இவ்வறுமையை மூடும் துணியாகவே பயன்படுகிறது.

உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிட்டபோது, ஏடுகளில் சிதைந்து போன அடிகளைப் புள்ளியிட்டே காட்டினார். ஓசையும் திணையும் துறையும் அறிந்த அவர்க்கு ஒரு சொல்லை இட்டு நிரப்புதல் அரிய செயலன்று. ஆயினும் நிரப்பவில்லை. நிரப்பத்தக்க இடைவெளி எது, தகாதது எது என்று பிரித்தறிதலும் புலமையின் கூறே. நான்கு விடை கொண்ட வினாத்தாளில் ‘இவ்வாக்கியத்தைக் கொண்டு கூற இயலாது’ என்று எழுத இடம் இல்லை. வகுப்பறையில் அதற்கு இடம் கொடுக்கலாம்.

ஆறாம் ஆண்டு மாணவர்க்கு 1988 முதல் நடந்துவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. தேர்வு போயிற்று, அதற்கென எழுந்த வினாப் பழக்கம் போகவில்லை. ஆயினும் நெருக்கடி ஒருவாறு தளர்ந்துள்ள இக்காலத்தில் ஆசிரியர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. விடைகள் நான்கையும் கையால் மறைத்துவிட்டு வாக்கியத்தை மட்டும் படிக்கச் செய்தல். கோட்டில் எது வரும் என்று பிள்ளையையே சொல்லவைத்தல். பின்னர் விடைகளைத் திறந்து காட்டல். பிள்ளை விடை சொன்னதும், சரி தவறு என்று கூறுமுன், எந்தச் சொல் உனக்கு வழி காட்டிற்று என்று கேட்டல். முடைந்தாள் என்னும் சொல் என்று ஒரு பிள்ளையும், காய்கறி என்று மற்றொரு பிள்ளையும் கூறும். எச்சொல்லும் காட்டவில்லை என்று வகுப்பே கூறுமாயின், அவ்வினாவை அடித்துவிட்டு, குறிப்பு ஒன்றைச் சேர்த்துத் திருத்தி எழுதும்படி பிள்ளைகளிடமே கொடுத்துவிடலாம். வாக்கியத்தைத் திருத்திய பிள்ளைக்கு, குறிப்பு என்றால் என்ன என்று பிறகு விளக்கவேண்டியதில்லை. மேலே கண்ட வாக்கியத்தையே எடுத்துக்கொண்டாலும் வேலை பெரிதன்று. விறகுக்கு மரம் வெட்ட என்று ஒரு சொல் கூட்டினால் கோடரி. பால்மரம் வெட்ட என்றால் உளி.